பங்குதாரர்

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நான்கு எழுதிக் கொடுத்தேன். தொடர்புடையோர். அக்கறையுடையோர். சம்பந்தப்பட்டோர். பாதிக்கப்படுவோர். ஜெயசீலன் சார் நான்கையும் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே பங்குதாரர் என்று எழுதினார்.

"சார், பங்குதாரர்னா பங்கு வச்சிருக்கவங்க. அரிசி ஆலையில, பஸ் கம்பெனியில இருப்பாங்களே, அவங்க."

"ஸ்டேக்ஹோல்டருக்கு எல்லாரும் இப்ப இதத்தாம்மா போடுதாங்க. ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கப்படாதா? நீ மொழியியல்தான படிச்ச?"

இருக்கலாம். இருக்கிறது. அதுதான் சிக்கல் என்று சொல்லவில்லை. சொல்லாத வாக்கியங்கள் எனக்கு நன்றாக வரும்.

வேலை இது: தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு நகராட்சி. அதன் பழைய காய்கறிச் சந்தையை இடித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு மாடிகளோடு புதுச் சந்தை. கட்டுபவர் ஒப்பந்தக்காரர். எது எப்போது நடக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கண்காணிப்பது எங்கள் ஆலோசனை நிறுவனம். நிறுவனம் என்றால், சந்தைக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, சார், நான். என் பதவி திட்ட உதவியாளர். ஜூன் வரை. அதற்குப் பிறகு 'பார்க்கலாம்'.

ஆவணங்கள் எல்லாம் தமிழிலும் வேண்டும் என்று நகராட்சி கேட்டிருக்கிறது. ஆகவே முதலில் கலைச்சொற்கள். இன்று முடித்தவை: வரம்பு. மைல்கல். சார்பு. வளம் (மனிதர்களும் இதில் அடக்கம்).

பங்குதாரர் என்பதற்குத் திட்ட மேலாண்மைக் கையேட்டின் விளக்கத்தையும் மொழிபெயர்த்தேன்: திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய, அல்லது திட்டத்தைப் பாதிக்கக்கூடிய எவரும்.

எவரும். நல்ல சொல். அதற்குள் யாரும் இல்லை.


மார்ச் 7, வெள்ளி

இடர் வேறு, பிரச்சினை வேறு. இன்னும் நடக்காதது இடர். நடந்துவிட்டால் பிரச்சினை. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது வரிசை எண் மட்டும் மாறும்.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஜூனுக்குப் பிறகு என்ன என்று கேட்பாள்.


மார்ச் 12, புதன்

கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் பதாகை: 'புதிய சந்தை. பங்குதாரர் கூட்டம். அனைவரும் வருக.' இதே வாசகத்தைத் துண்டறிக்கையாகவும் அடித்து ஊர் முழுக்க ஒட்டியிருந்தோம்.

நாங்கள் எதிர்பார்த்தது உள்கடைக்காரர்களை. சந்தைக்குள் வாடகைக்குக் கடை எடுத்தவர்கள். வந்தார்கள். வெள்ளை வேட்டி, முன்வரிசை. எதிர்பாராதது பின்வரிசை. சந்தையின் கிழக்கு வாசலில், வெளியே தரையில் சாக்கு விரித்து விற்கிற பெண்கள். கீரை, வாழையிலை, எலுமிச்சை, பூ. அவர்களை யாரும் அழைக்கவில்லை. 'அனைவரும்' என்பதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் சங்கச் செயலாளர் தவசிமணி திரும்பிப் பார்த்தார்.

"ஏ பேச்சி, இங்கன என்ன? பந்திக்கு எலை கொண்டாந்தியா?"

"இல்ல அண்ணாச்சி. பந்தியில உக்கார வந்தேன்."

பின்வரிசை முழுக்கச் சிரித்தது. முன்வரிசையிலும் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

பேச்சியம்மாளை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வாழையிலை விற்பவர். ஐம்பது கடந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து பேசினாலே மண்டபத்துக்குக் கேட்கிறது.

சார் திரையில் படம் காட்டினார். மின்தூக்கி, குளிர்பதன அறை, வண்டி நிறுத்துமிடம். பிறகு கேள்வி நேரம். பேச்சியம்மாள் எழுந்தார்.

"வாசல்ல எழுதியிருக்கத எம் மருமவ வாசிச்சுச் சொன்னா. பங்குதாரர்னு. அப்ப எங்களுக்கும் உள்ள ஒரு பங்கு உண்டுல்லா?"

சார் அந்த நேரம் நகராட்சி ஆணையரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. மேடையில் நான் அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கேள்விக்குப் பதில் அளிக்கப்பட்டது. பெண்கள் கைதட்டினார்கள்.

கூட்டக் குறிப்பில் எழுதியது: 'தரைக்கடை வியாபாரிகளும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.'

எல்லோருக்கும் காபி, லட்டு.


மார்ச் 13, வியாழன்

செயப்பாட்டு வினையைக் கண்டுபிடித்தவர் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.


மார்ச் 19, புதன்

வரம்பு என்பது, செய்யப்போகிறவற்றின் பட்டியல் என்று நினைத்திருந்தேன். கையேடு அதற்கு மேலும் கேட்கிறது. எதைச் செய்யப்போவதில்லை என்பதையும் எழுதிவைத்தால்தான் வரம்பு முழுமையாகுமாம்.

வரைபடத்தில் கிழக்கு வாசலைத் தேடினேன். பச்சை நிறம். 'புல்வெளி, இருக்கைகள்.' ஆவணத்தில் 'நீக்கப்பட்டவை' என்ற தலைப்பின் கீழே, கழிவுநீர்க் குழாய்க்கும் பழைய ஆலமரத்துக்கும் நடுவில்: தரைக்கடைகள். அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்தது நான்தான், போன வாரம். மொழிபெயர்க்கும்போது அது ஒரு சொல்லாக மட்டும் இருந்தது.


மார்ச் 20, வியாழன்

நகராட்சியின் அறிவிப்பு வந்துவிட்டது. தரைக்கடைக்காரர்களுக்கு மாற்று இடம், பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டி. வெயில் படுகிற இடம். ஆனால் நிரந்தரம், பெயர் போட்ட அடையாள அட்டையும் உண்டு. வேண்டும் என்பவர்கள் ஏப்ரல் நான்காம் தேதிக்குள் சுகாதார ஆய்வாளரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கேட்டால் கிடையாது.

டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் பேச்சியம்மாளும் பூக்கார வேலம்மாளும்.

"பேரு குடுத்துட்டியளா மயினி?" என்றார் வேலம்மாள்.

"நான் என்னத்துக்குக் குடுக்க? பங்குதாரர்னு எழுதி ஒட்டியிருக்கான். பங்க விட்டுட்டுச் செவுத்தடியில போயி உக்காருவனா?"

"நான் குடுத்துட்டேன் மயினி. எனக்கு இந்தப் பங்கெல்லாம் பிடிபடல."

"ஒனக்கு என்னைக்கு என்ன பிடிபட்டுருக்கு? நாலு பேரு முன்னாலதான கேட்டேன். அந்தப் புள்ளதான..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "இந்தா, புள்ளையே வந்துட்டு. டீ குடிக்கியாம்மா? ஏ அண்ணாச்சி, இதுக்கொரு டீ."

குடித்துவிட்டேன் என்றேன். குடிக்கவில்லை.


மார்ச் 24, திங்கள்

"சார், கிழக்கு வாசல் பொம்பளைங்க தப்பாப் புரிஞ்சிருக்காங்க."

"என்னன்னு?"

"புதுச் சந்தைக்குள்ள அவங்களுக்கு எடம் உண்டுன்னு. அதனால பஸ் ஸ்டாண்டுக்குப் பேரு குடுக்க மாட்டேங்காங்க."

"உள்ள எடம் உண்டுன்னு யாரு சொன்னா?"

மேசையில் ஒரு பேனா இருந்தது. அதைப் பார்த்தேன்.

"பதாகையில படிச்சு, சார்."

சார் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தடவிக்கொண்டார். நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். புல்வெளி வருகிற இடத்தில் தரையில் சில கட்டங்கள் போட்டுக் கொடுத்தால் போதும். சுவர் வேண்டாம், கூரை வேண்டாம். ஒரு மாற்றக் கோரிக்கை எழுதி ஆணையருக்கு அனுப்பினால்...

"வரம்பு முடிவாயிட்டும்மா. இனி ஒரு கோடு மாத்துனாலும் வரைபடம் மறுபடியும் அனுமதிக்குப் போகணும். அது வாரதுக்குள்ள மழை வந்துரும். அஸ்திவாரம் போட முடியாது. அப்புறம் புராஜெக்டே கெடையாது. பழைய கூரை எப்ப விழும்னு உள்கடைக்காரன் ஒவ்வொருத்தனும் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அது பொய் இல்லை. கூரையின் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். சார் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போட முடிவதில்லை.

"அப்ப ஒரு திருத்தமாவது ஒட்டலாம், சார். பங்குதாரர்ங்கற சொல்லு..."

"நாங்க தப்பா எழுதிட்டோம்னு நாமளே ஊரு பூரா ஒட்டணுமா?"

இடருக்கு நான்கு விதமாகப் பதில் சொல்லலாம். தவிர்த்தல். குறைத்தல். வேறொருவர் தலையில் மாற்றுதல். ஏற்றுக்கொள்ளுதல்.

"இடர்ப் பட்டியல்ல சேத்துரு," என்றார். "ஏற்றுக்கொள்ளப்பட்டதுன்னு போடு."

"யாரு ஏத்துக்கறது, சார்?"

"புராஜெக்ட்."

சேர்த்துவிட்டேன்.


மார்ச் 28, வெள்ளி

மதிய இடைவேளையில் கிழக்கு வாசலுக்குப் போனேன். பேச்சியம்மாள் கிழிந்த இலைகளைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கீரைக்காரர் ராசகனி. உட்காரச் சாக்கைத் தள்ளிப்போட்டார்கள். சொல்ல வேண்டியதை வழியிலேயே சிறு சிறு வாக்கியங்களாக்கி வைத்திருந்தேன்.

"அம்மா, அந்தச் சொல்லு தப்பு."

"எந்தச் சொல்லு?"

"பங்குதாரர். இங்கிலீஷ்ல அதுக்கு வேற அர்த்தம். இந்தத் திட்டத்தால யாருக்கெல்லாம் நல்லதோ கெட்டதோ வருமோ, அவங்க எல்லாருக்கும் அந்தப் பேரு. பங்குன்னு ஒண்ணும் இல்ல."

"கெட்டது வாரவனுக்கும் பங்குதாரர்னா பேரு?"

"ஆமா."

"ஏட்டி ராசகனி, கேட்டியா? நம்ம வீட்டுக்கு எவனாவது தீ வச்சா, அதுல நாமளும் பங்குதாரராம்."

இருவரும் சிரித்து ஓயும்வரை காத்திருந்தேன்.

"வெளையாட்டு இல்லம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பேரு குடுத்துருங்க. அடுத்த வெள்ளியோட முடிஞ்சிரும்."

சிரிப்பு போய்விட்டது. "ஒன்ன யாரு அனுப்பிச்சா? தவசிமணியா?"

"யாரும் அனுப்பல."

"நாங்க எந்திரிச்சுப் போயிட்டா இங்கன அவன் மவனுக்கு ஜூஸ் கடை. எனக்குத் தெரியாதாக்கும்."

"ஜூஸ் கடை இல்லம்மா. இங்க புல்வெளி வருது."

"புல்லா? சந்தையிலயா? மாடா வந்து காய் வாங்கப் போவுது?"

அந்த நேரம் எனக்கும் சிரிப்பு வந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். நான் சொன்னது எல்லாமே வேடிக்கைதான் என்று முடிவு செய்துவிட்டார் என்று தோன்றியது.

"அம்மா, அத எழுதுனதே நான்தான். நானே சொல்லுதேன், தப்புன்னு."

"நீ எழுதுனது ஊரு முழுக்க ஒட்டியிருக்கு. இப்ப சொல்லுதது எங் காதுக்கு மட்டும். நான் எத நம்ப?" இலையை மடியில் வைத்துவிட்டுக் குரலை இறக்கினார். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால, உண்டுன்னு தலையாட்டுனது நீதான?"

ஒலிபெருக்கிக் கம்பி தளர்ந்திருந்தது. அதைப் பார்க்கக் குனிந்தேன். குனிந்தால் தலை அசையும்.

"சரி, ஒண்ணு செய்யி," என்றார். "எங்களுக்குப் பங்கு இல்லன்னு ஒரு தாள்ல எழுது. கீழ ஒங் கையெழுத்து. நாளைக்கே போயி சுகாதார ஆபீசுல பேரு குடுக்கேன். சத்தியமா."

பையில் பேனா இருந்தது. தாளும் இருந்தது.

சாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.


ஏப்ரல் 1, செவ்வாய்

வெயில் அதிகம். அட்டவணையைப் புதுப்பித்தேன். ஒப்பந்தக்காரரின் பொறியாளர் வந்தார். இடிக்கும் இயந்திரம் எந்தத் தெரு வழியாக வரும் என்று பேசினோம். சார் நல்ல மனநிலையில் இருந்தார். ஜூனுக்குப் பிறகு இரண்டாம் கட்டம் ஒன்று வரலாம், என் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்றார்.


ஏப்ரல் 4, வெள்ளி

கடைசி நாள். சார் வெளியூர் போயிருந்தார். கேட்க முடியவில்லை.


ஏப்ரல் 9, புதன்

ஒரு வேலை எத்தனை நாள் தாமதமாகும்வரை திட்டத்தின் முடிவு தள்ளிப்போகாதோ, அந்த அவகாசத்துக்கு ஆங்கிலத்தில் மிதத்தலைக் குறிக்கும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். 'மிதவை' என்று எழுதினேன். சார் 'உபரி நேரம்' என்று திருத்தினார். அவருடையது சரி. என்னுடையது அழகு. அழகாக இருக்கும்போதெல்லாம் நான் தவறாக இருக்கிறேன்.

உபரி நேரமே இல்லாத வேலைகளைக் கோத்தால் கிடைப்பது முதன்மைப் பாதை. அதில் ஒன்று ஒரு நாள் தள்ளினால் எல்லாம் ஒரு நாள் தள்ளும். திரையில் சிவப்பு நிறம். 'கிழக்கு வாசலைக் காலி செய்தல்' அந்தச் சிவப்பில் இருக்கிறது.

ஆய்வாளரிடமிருந்து பட்டியல் வந்தது. பூ இருக்கிறது. எலுமிச்சை இருக்கிறது. இலை இல்லை. கீரை இல்லை. 'மாற்று இடத்துக்குப் பெயர் பதிவு' என்ற வரிக்கு நேரே நூறு சதவீதம் என்று போட்டேன். பதிவு முடிந்துவிட்டது அல்லவா? யார் யார் விட்டுப்போனார்கள் என்று மென்பொருள் கேட்பதில்லை.


ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் இயந்திரம் வந்தது. சாரும் நானும் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தோம். உள்கடைக்காரர்கள் ஏற்கெனவே பள்ளி மைதானத்துத் தகரக் கொட்டகைகளுக்கு மாறிவிட்டார்கள். கிழக்கு வாசலில் மட்டும் சில சாக்குகள். பேச்சியம்மாள், ராசகனி, இன்னும் சில கீரைக்காரப் பெண்கள். சுகாதார ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள்.

பேச்சியம்மாள் எழவில்லை. இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சுவரிலிருந்து உரித்து வைத்திருந்த எங்கள் துண்டறிக்கை. பின்னால் பசை காய்ந்து மொடமொடவென்று இருந்திருக்கும். பிரிக்கையில் சத்தம் மாடிவரை கேட்டது. அல்லது கேட்டதாக நினைக்கிறேன்.

"வாசிங்க சார்."

ஆய்வாளர் வாசித்தார். "புதிய சந்தை. பங்குதாரர் கூட்டம். அனைவரும் வருக. சரி, வந்தாச்சு, லட்டும் தின்னாச்சு, கூட்டமும் முடிஞ்சாச்சு. எந்திரிங்க பங்குதாரரே."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிப்பு வந்த திசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் சன்னலைப் பார்த்தார்.

"ஏம்மா, மாடியில நிக்குத புள்ள. எறங்கி வந்து இவுககிட்ட சொல்லேன்."

கதவை நோக்கி நான் திரும்பியது உண்மை.

"போகாத," என்றார் சார். கோபமாக இல்லை, மெதுவாக. "இப்ப நீ எறங்குனா நமக்கும் இதுக்கும் சம்பந்தம் வந்துரும்."

சம்பந்தப்பட்டோர். அடிக்கப்பட்ட நான்கில் அதுவும் ஒன்று.

காவலர்கள் தொடவில்லை. ஆய்வாளர்தான் சாக்கின் நுனியைப் பிடித்து இழுத்தார். இலைக்கட்டு சரிந்தது. ராசகனி முதலில் எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்கள். பேச்சியம்மாள் கடைசி. இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசி தட்டி அடுக்கிக் கட்டும்வரை இயந்திரக்காரர் காத்திருந்தார். அவர் மட்டும் பீடியை அணைத்துவிட்டு நின்றார்.

முதல் சுவர் விழுந்தது. மைல்கல். அறிக்கைக்கு ஒரு படம் வேண்டும் என்றார் சார். சன்னலிலிருந்தே எடுத்தேன். முன்னால் ஒரு பெண் தலையில் கட்டோடு நிற்பது படத்தில் விழுந்துவிட்டது. தூசி அழகாக வந்திருந்ததால் வேறு படம் எடுக்கவில்லை. கீழ்ப்பகுதியை வெட்டினேன்.


ஏப்ரல் 23, புதன்

இடர்ப் பட்டியலிலிருந்து நீக்கி, பிரச்சினைப் பட்டியலில் சேர்த்தேன். வரிசை எண் மாறியது.


மே 6, செவ்வாய்

ஊருக்கு ஒரு புதுச் சொல் கிடைத்திருக்கிறது. ஆட்டோக்காரர்கள், பேருந்து நடத்துநர், பள்ளிப் பிள்ளைகள்.

"என்ன பங்குதாரரே, இன்னைக்கு லாபம் எப்படி?"

"ஒம் பங்கையும் சேத்து நானே தின்னுட்டேன்வே, போ."

பேச்சியம்மாள் இப்போது கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசல்களில் ஏறி இறங்குகிறார். பின்வாசலில் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். பேருந்து நிலையத்துச் சுவரோரம் எல்லா இடத்திலும் எண் போட்டாகிவிட்டது. ராசகனி போய்க் கேட்டுவிட்டு, திரும்பி வந்து பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவருக்கும் பேச்சியம்மாளுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். "ஒன்ன நம்பித்தான நான் பேரு குடுக்கல" என்று நடுத்தெருவில் கேட்டாராம்.

'நம்பித்தான' என்ற சொல் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

விடுதியில் மின்விசிறி பழுது. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.


மே 20, செவ்வாய்

பேச்சியம்மாள் படியேறி வந்துவிட்டார். சார் கட்டுமானத் தளத்தில் இருந்தார். நான் மட்டும்.

"ஒரு மனு எழுதணும். ஆணையருக்கு. ஒன் எழுத்துதான் எடுபடும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எழுதினேன். 'கிழக்கு வாசலில் நீண்ட காலமாகத் தரைக்கடை நடத்திவரும் பேச்சியம்மாள் ஆகிய நான்...' வாசித்துக் காட்டினேன்.

"அது என்னது, தரைக்கடை? அன்னைக்குப் பங்குதாரர், இன்னைக்குத் தரையா?"

"அம்மா, அந்தச் சொல்ல போட்டா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. வேற மாதிரி எழுதுனா ஒருவேளை..."

"அத வச்சு ஊரே என்னயப் பாத்துச் சிரிக்கு. அந்தச் சொல்லே இல்லாம மனு குடுத்தா, சிரிச்சவன் சொன்னதுதான் சரின்னு ஆயிரும்லா? போடு."

போட்டேன். 'திட்டத்தின் பங்குதாரரான நான்.' அவர் கையெழுத்திட்டார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பே எழுத்தில் நேரம் எடுத்துக்கொண்டார்.

"இத எங்க குடுக்கணும்?"

திட்டம் குறித்த மனுக்களைப் பெறும் அலுவலர் யார் என்று கீழே பலகையில் இருக்கிறது. என் பெயர். என் கையால் எழுதியதை என் கையால் வாங்கி முத்திரை குத்தினேன்.


மே 23, வெள்ளி

சாரின் முடிவு: வரம்புக்கு வெளியே. பரிசீலிக்க இயலாது. அங்கீகரிக்கப்பட்ட பதில் படிவத்தில் அனுப்பிவிடச் சொன்னார். எல்லா மனுக்களுக்கும் ஒரே படிவம். பெயரும் எண்ணும் காரணமும் மட்டும் நிரப்ப வேண்டும். அதுவும் மார்ச்சில் என் மொழிபெயர்ப்பு. இப்படித் தொடங்குகிறது:

'மதிப்பிற்குரிய பங்குதாரர் அவர்களுக்கு,'

"சார், இந்த ஒரு கடிதத்துல மட்டும் முதல் வரிய மாத்திக்கலாமா?"

"ஆணையர் ஒப்புதல் குடுத்த படிவம்மா. ஒரு எழுத்து மாறப்படாது."

அச்செடுத்தேன். நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கி வர வேண்டும். இன்று போகவில்லை.


ஜூன் 2, திங்கள்

இரண்டாம் கட்டம் வந்துவிட்டது. மீன் சந்தை. எனக்கு ஓராண்டு நீட்டிப்பு. அம்மாவை நானே கூப்பிட்டேன். அழுதாள். அங்கே இருக்கிற எல்லாருக்கும் உன்னால் நல்லது நடக்கட்டும் என்றாள். சரி என்றேன்.

கடிதம் இன்னும் பையில்.


ஜூன் 4, புதன்

வாய்க்கால் கரையில் வீடு. பேச்சியம்மாள் காலைச் சுற்று முடிந்து வந்து, வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். என் கையில் உறையைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவினார். பக்கத்து வீடுகளை அழைத்தார். எதிர்வீட்டு வாசலில் மடியில் பீடித்தட்டோடு ராசகனி. அவரை அழைக்கவில்லை. ஆனால் அவருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

"ஆபீசுலேருந்து பதிலு வந்துருக்கு. வாசிம்மா."

பிரித்தேன். மறுபடி நான்தான்.

"மதிப்பிற்குரிய பங்குதாரர் அவர்களுக்கு."

பக்கத்து வீட்டுப் பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"இன்னொரு வாட்டி," என்றார்.

"மதிப்பிற்குரிய பங்குதாரர் அவர்களுக்கு."

"கேட்டியளாட்டி? மதிப்பிற்குரிய." அந்தச் சொல்லைத் தன் வாயில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். "முத்திரை இருக்கா?"

"இருக்கு."

எதிர்வீட்டில் பீடி சுற்றுகிற கை நின்றிருந்தது. ராசகனி தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார்.

"கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கே மயினி. அதையும் வாசிக்கச் சொல்லுங்க."

அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன். தங்கள் கோரிக்கை. அதுவரைதான் வந்தது. பேச்சியம்மாள் கையை நீட்டி, தாளை என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டார். அவசரமாக இல்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும். மத்தத மருமவ வந்து வாசிப்பா," என்றார். மடித்தார். இன்னொரு மடிப்பு. இன்னொன்று. "நீ சாப்ட்டியாம்மா?"

சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

ஒப்புகைத் தாளில் கையெழுத்து வாங்கினேன். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அலுவலகத்துக்கு வந்து, மனுவின் எண்ணுக்கு நேரே 'முடிந்தது' என்று போட்டேன். பிறகு மீன் சந்தைக்கான பங்குதாரர் கூட்டத்தின் பதாகையை அச்சுக்கு அனுப்பினேன்.